வளர்மதி மேடம் எழுதிக்கொடுத்த கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாமாண்டு மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் உயிர்வேதியியல் துறைத் தலைவர் ஆய்வகத்து வாசலில் நின்று, "தேவகி, வளர்மதி மேடம் தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்றார். ஒரு மாணவியின் அளவீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தும், நாங்கள் பேசிக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். மேடையில் பாதியைத்தான் சொல்ல முடியும். இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் முனைவர் வளர்மதி. புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரிக்கு நான் வேலைக்கு வந்த முதல் வாரமே என்னைத் தம் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்புகளுக்குப் போனார். அங்கே வேலை செய்யும் பெண்களிடம் சின்ன டப்பாக்களைக் கொடுத்து மல மாதிரி கேட்டார். "இதையெல்லாமா மேடம் படிப்பாங்க?" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒங்க வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு வேற யாரு ஆத்தா சொல்லுவா?" என்றார் இவர். அன்று எல்லோரும் டப்பாவை வாங்கிக்கொண்டார்கள்.

அவருடைய ஆய்வு கொழுப்பு அமில ஏற்பிகளைப் பற்றியது. வகுப்பில் இப்படித்தான் சொல்லுவார்: "கீரை, பயறு, சிறுதானியத்துல இருக்கிற நார் நமக்குச் செரிக்காது. பெருங்குடல்ல இருக்கிற கிருமிங்க அதைத் தின்னுட்டுச் சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களா வெளிய விடும். குடல் சுவர்ல அதுக்குன்னே காலிங் பெல் மாதிரி ஏற்பிகள் இருக்கு. அமிலம் போய் அழுத்தினா, கணையத்துக்கு இன்சுலின் சுரக்கச் சொல்லித் தகவல் போகும்." உடனே விரலை உயர்த்துவார். "எலிகிட்ட இது நல்லாத் தெரியுது. மனுசங்ககிட்ட எவ்வளவு தூரம்னு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுங்க. அதுக்கும் மார்க் போடுவேன்."

அந்த வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன்.

ஒரு கோடையில் தொடர் மின்தடையால், உறையவைத்திருந்த மாதிரிகள் அத்தனையும் கெட்டுப்போயின. அன்று மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சில மாதங்களில் ஒரு சத்துமாவு நிறுவனம் கல்லூரிக்கு பேட்டரியோடு பெரிய ஃப்ரீசர் ஒன்றைக் கொடுத்தது. பதிலுக்கு மேடம் அவர்கள் மாவிலிருக்கும் நாரைப் பற்றி ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கந்தர்வக்கோட்டையில் டயர் கடை வைத்திருந்த என் அண்ணன் முருகேசன் ஒரு நாள் போனில் கேட்டார். "ஏம்மா, சுகருக்கு ஒரு மாவு வந்திருக்கு. பாக்கெட்டுல ஒங்க வளர்மதி மேடம் போட்டோ போட்டிருக்கு. குடிக்கலாமா?"

"மேடம் பேரு இருந்தா தப்பா இருக்காதுண்ணே," என்றேன். நின்றபடியே சொன்ன பதில். பாக்கெட்டைப் பார்க்கக்கூட இல்லை.

'குடல் ஏற்பிகளைத் தட்டியெழுப்பும்; மாத்திரைக்கு விடை கொடுங்கள்' என்று அதில் அச்சாகியிருந்தது. அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். என்னிடமும் சொல்லவில்லை. கடையில் ஆணி குத்திய கால் புண் ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

பாக்கெட்டை மேடத்தின் மேசையில் வைத்தேன். எடுத்து, தம் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்ததை வாசித்தார்.

"அவங்களுக்குக் கொடுத்த கடிதத்துல நான் 'எலிகள்ல'ன்னுதான் எழுதியிருந்தேன் தேவகி. மாத்திரையைப் பத்தி நான் எழுதவே இல்ல."

"அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட காட்டலையா மேடம்?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் தவித்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

"காட்டினாங்க. ஃப்ரீசர் வந்து இறங்கியிருந்துச்சு. வாயத் தொறக்கல."

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அதன் பிறகு அவர் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். தம் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினார். பதில் வராததால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் தம் மீதே புகார் கொடுத்தார். பாக்கெட் கடைகளிலிருந்து போன பிறகும், சனிக்கிழமைதோறும் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்: 'என் பெயரை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.' அண்ணன் வீட்டுக்கும் போய் வாசலிலேயே நின்றிருக்கிறார். "உள்ள வாங்க மேடம்," என்று கூப்பிட்டவர் அண்ணன்தான். நானாக இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

என் கோபத்தில் பாதி என் மேல்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொன்னவர் அவர். முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பாக்கெட்டில் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இறுதி ஊர்வலத்துக்கு அண்ணன் செயற்கைக் காலோடு பஸ் ஏறி வந்தார். வெயிலில் தெருமுனைவரை நடந்தார். அதற்குமேல் முடியாமல் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று, மேடத்தின் வண்டி முனை திரும்பி மறையும்வரை கும்பிட்டபடியே இருந்தார். "நீயும் கும்பிட்டுக்கம்மா," என்றார். அவருடைய தோள்பட்டையைத் தாங்கிப் பிடித்திருந்ததால் என் கைகள் இரண்டும் ஓய்வாக இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

அது உண்மையில்லை மேடம். ஒரு கை ஓய்வாகத்தான் இருந்தது. போய் வாருங்கள்.