சட்டைப் பையில் பியூஸ் கட்டை

நான் எட்டாவதோடு நின்றவன். பாகூர் பக்கம் எங்கள் ஊர். செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலுக்குப் போகாமல் சோற்றில் கை வைக்க மாட்டேன். அந்தக் கர்வத்தோடுதான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முயற்சி செய்தாள். இண்டர்வியூவில் இரண்டு ரவுண்டு தாண்டிவிட்டாள். கடைசி ரவுண்டு வீட்டிலிருந்தே லேப்டாப்பில். செவ்வாய்க்கிழமை நாலு மணி என்று மெயில் வந்தது. செவ்வாய் நாலரை வரை ராகு காலம்.

"அரை மணி தள்ளிக் கேளேம்மா."

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே உள்ள இருக்கணும்பா, அதையே பார்ப்பாங்க. நீ வேணா ராகுவை அரை மணி தள்ளி வரச் சொல்லு." சிரித்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே போய், மீட்டர் பெட்டியில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கரண்டு போனால் நெட்டும் போகும். நாலரைக்கு மேல் பேசட்டும், நல்லதுதானே என்று நினைத்தேன்.

அவள் காத்திருக்கவில்லை. போன் நெட்டில் பேசலாம், ஆனால் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்று போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. தரை கொதித்தது. நான் படியில் நின்று கேட்டேன். "கேக்குதா மேடம்? சாரி மேடம், பவர் கட்." பிறகு அதுவும் அறுந்துபோனது.

இறங்கி வந்தாள். "பக்கத்து வூட்டுல மிக்ஸி ஓடுதேப்பா?" என்றவளின் பார்வை, கனத்தில் தொங்கிக்கொண்டிருந்த என் சட்டைப் பையில் நின்றது. கையை நீட்டினாள். கொடுத்தேன். அவளே போய் மாட்டினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அந்த மேடமே போன் செய்தார்கள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "ஏரியா முழுக்க பவர் கட்டா? அப்படின்னா இன்னொரு சான்ஸ் தரலாம்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று சொல்லு, சொல்லு என்று கையையும் காட்டினேன். நெற்றி நிறைய விபூதி வைத்திருந்த நான்.

"இல்ல மேடம். எங்க வூட்ல மட்டும்தான். எங்க தப்பு."

எங்கப்பா என்று சொல்லவில்லை. எங்க தப்பு என்றாள். அந்த வாரமே, வேலை இல்லை என்று மெயில் வந்தது.

அம்மன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. மகளிடம் வரவில்லை.

மூன்று மாசம் கழித்து இன்னொரு கம்பெனி, அதைவிடச் சின்னது. வெள்ளிக்கிழமை பதினொரு மணி. அதுவும் ராகு காலம்தான். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். யாரும் அதைத் தொடக் கூடாது, நானும்தான்.

கதவைச் சாத்த வந்தவள் பார்த்தாள். "இன்னாபா, இங்க குந்திக்கினு?"

"சும்மாதாம்மா."

"பையைக் காட்டு."

வெளியே இழுத்துக் காட்டினேன். கோயில் விபூதிப் பொட்டலம் மட்டும் இருந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவள் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "டைம் ஆச்சுபா" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வேலை கிடைத்தது. பையைக் காட்டச் சொன்னது விளையாட்டுக்குத்தான் என்கிறாள். எனக்கு இன்னும் அது விளையாட்டாகப் படவில்லை.