கம்பி அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்

சாக்கடை மூடியை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறப்பார் கம்பி அண்ணன். ஏனென்று கேட்டால், "உள்ள கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துதுல்ல? சொல்லாம கொள்ளாம கதவத் திறந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். பிறகு குனிந்து மோந்து பார்ப்பார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நிற்க, அவர் நிதானமாகப் பட்டியல் வாசிப்பார்: "எண்ணெய்... சோப்பு... யாரோ தலைக்குச் சாயம் அடிச்சிருக்காங்க." நான்தான் அடித்தேன். அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நீளமான சுருள்கம்பி ஒன்றுதான் அவருடைய ஆயுதம். பெயரும் அதனால் வந்தது. குழிக்குள் இறங்கச் சொன்னால் மட்டும் கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டு நடையைக் கட்டிவிடுவார். "கம்பி போகும், நான் போக மாட்டேன். வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு." கம்பி அடைப்பில் முட்டியதும் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. "சும்மா இருங்க சார், கையால கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

வெளியே வருவது யார் வீட்டுச் சாமான் என்று அவர் சொல்லவே மாட்டார். "குழாய்க்குள்ள போயிட்டா அது பொதுச் சொத்து" என்று சாக்கில் போட்டு இறுகக் கட்டிவிடுவார். எங்கள் சந்தில் மூன்று வீட்டுக்கும் ஒரே குழாய். இந்த மனிதர் மட்டும் வாயைத் திறந்திருந்தால் நாங்கள் என்றைக்கோ மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டில் வினை வந்தது. கீழே கைக்குழந்தையோடு குடியிருக்கும் பெண்ணின் குளியலறையில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டது. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார்.

"எல்லாம் உன் புள்ளையோட டயப்பர்தான்! இது மூணாவது தடவை. அடுத்த மாசமே வீட்டக் காலி பண்ணிடு!"

"சத்தியமா குப்பையிலதாம்மா போடறேன். திடீர்னு இவனத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

நான் போய்க் கம்பி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கம்பி அண்ணன் சுழற்றினார், இழுத்தார். கொழகொழவென்று கறுப்பாக ஒரு பந்து வந்து விழுந்தது. "டயப்பர்தானே?" என்றார் வீட்டுக்கார அம்மா, படிக்கட்டிலிருந்தபடியே.

 அண்ணன் இந்த முறை சாக்கை எடுக்கவில்லை. வாசல் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு அதை அலச ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதையும் கழுவி நான் பார்த்ததே இல்லை. கறுப்பு கரையக் கரைய, மஞ்சளில் பச்சைக் கட்டம் போட்ட தரை துடைக்கும் துணி ஒன்று வெளிப்பட்டது.

முறுக்கிப் பிழிந்தார். உதறினார். வீட்டுக்கார அம்மா ஒதுங்கி வழிவிட, படியேறி மாடிக்குப் போனார். அங்கே அந்த அம்மாவின் கொடியில் அதே மஞ்சளில், அதே பச்சைக் கட்டத்தில் இன்னொரு துணி காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இதை விரித்து, ஓரத்தோடு ஓரம் சரிபார்த்து, ஒரு கிளிப்பையும் மாட்டினார்.