குறிப்பிடத்தக்க அலை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த சமயம். ராயபுரத்தில், கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் அலுவலகம் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். எந்தக் கப்பல் எந்த அலைக்கு எத்தனை டிகிரி சாயும் என்று எஞ்சினீயர்கள் எழுதித் தருவதை, புரிகிறதோ இல்லையோ, பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பேன். அதனாலேயே எங்கள் குடும்பத்தில் கடல் விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு.

நெட்டுக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை கணவர் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அன்று விடியற்காலையில் போன் செய்தார்.

"மச்சான், இன்னிக்கு அலை எவ்ளோ போட்டுகீறான்?"

செல்போனில் கடல் முன்னறிவிப்பைப் பார்த்தேன். 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' ஒன்றரை மீட்டர் என்றிருந்தது. குறிப்பிடத்தக்கது என்றால் இருப்பதிலேயே பெரியது என்றுதானே அர்த்தம்? "ஒன்றரை மீட்டர்தான் மாப்ள, தாராளமா போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மதியம் தங்கை போனில் கதறினாள். படகு கவிழ்ந்துவிட்டதாம். பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்துத் தூக்கியதால் ஆள் பிழைத்தார். தோள்பட்டை இறங்கியிருந்தது. திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"ஏண்ணா, ஒன்ற மீட்டருன்னுதான சொன்ன? ரெண்டு ஆள் ஒசரம் வந்துச்சாமே!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தாவில் நின்று செல்போனை மறுபடியும் பார்த்தேன். ஒன்றரைதான் போட்டிருந்தது.

மறுநாள் எங்கள் எஞ்சினீயர் அம்மாவிடம் கோபமாகவே கேட்டேன். என்னைவிட இருபது வயது சின்னவர். பொறுமையாகச் சொன்னார்.

"சார், அது பெரிய அலைகளோட சராசரி. உயரமான மூணுல ஒரு பங்கு அலையை மட்டும் எடுத்துப் போடறது. அன்னிக்கு வர்றதுலயே பெருசு அதுக்கு ரெண்டு மடங்கு இருக்கலாம். கப்பல் சாயறதும் அப்படித்தான். நீங்க டைப் அடிக்கிற கடைசிப் பத்தி பூரா அதுதானே?"

"அப்ப ரெண்டு மடங்குக்கு மேல வராதுங்களா?"

"அபூர்வமா வரலாம். இதுக்கு மேல வராதுன்னு கோடு போட முடியாது சார்."

வருடக்கணக்காக அந்தப் பத்தியை என் கையாலேயே அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. குழப்பமோ தீரவில்லை. இத்தோடு நிற்கும் என்று சொல்லாத கணக்கை வைத்துக்கொண்டு மனிதன் எப்படிக் கடலுக்குப் போவது?

தங்கை கணவருக்குத் தோள் சரியானதும் அவரிடம் தட்டுத்தடுமாறி இதையெல்லாம் விளக்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"நடுவுல ஒண்ணு பெருசா வரும்னு எனுக்குத் தெரியாதா மச்சான்? நீ தாராளமா போன்னியே, அதை நம்பித்தான் லைஃப் ஜாக்கெட்டை வூட்லயே வுட்டுட்டுப் பூட்டேன்."

இன்றும் அவர் காலையில் போன் செய்கிறார். நானும் முன்னறிவிப்பைப் படித்துச் சொல்கிறேன். அந்தக் கணக்கு இன்னமும் எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் 'தாராளமா' என்ற வார்த்தை மட்டும் அதற்குப் பிறகு என் வாயில் வருவதே இல்லை.