பனிக்குள் பெயர் கூப்பிட்டவர்

மாசிலாமணி ஐயா போய்விட்டார் என்று யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் வெங்காயம் நிறுத்தபடியே காதர் முதலாளி சொன்னார். "ஒங்க பெரிய கிளாக்கர் மௌத்தாயிட்டாராமே?" நான் நம்பவில்லை. எமனே வந்தாலும் "ஒம்ம பேரு செக்ரோல்ல இல்லையே" என்று திருப்பி அனுப்பக்கூடியவர் அவர்.

அவரோடு பழகியவர்களே, தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவான அந்தச் செக்ரோலை அவர் எப்படிக் காத்தார் என்று சித்திரகுப்தனே மாறுவேடத்தில் வந்து பார்த்துப் போனதாக நான் சொல்வேன். மறுக்க உங்களுக்கும் துணிவிருக்காது.

வருஷத்தில் ஒரு வாரம் சாவிகளைச் சின்னக் கிளாக்கரான என்னிடம் போட்டுவிட்டுச் சிவனொளிபாத மலைக்குப் போய்விடுவார். "நான் இல்லாதப்பதாங்க என் கள்ளம் வெளிய வரும். நல்லா நோண்டிப் பாருங்க" என்பார். உடும்பாக நோண்டினேன். நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

காய்ச்சல் பரவிய வருஷத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சாவு. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கைப்படி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தம் ஆட்களுக்காகக் கங்காணியே குரல் கொடுப்பதும் வழக்கம். செத்தவன் பெயருக்கும் "இருக்கான்" என்று சொல்லிவிட்டால் போதும், அவன் தினமும் ரப்பர் வெட்டப் போவான்.

மூக்கன் கங்காணி அதற்குத்தான் ஆயத்தமானார். மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. பிடிபட்டால் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டுத்தான், பிள்ளைகுட்டிகளோடு மலையிறங்க வேண்டும். ஐயா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "கை நீளுறதுக்கு முந்தி கண்ணு தாழுங்க. நாலு நாளா அந்தாளு என் மூஞ்சியப் பாக்கல."

"துரைகிட்ட சொல்லிருவோமா?" என்றேன்.

"திருடனப் பிடிக்கிறதுக்குப் போலீஸ் இருக்கு. திருட விடாம வைக்கிறதுதாங்க நம்ம உத்தியோகம்."

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பனி கஞ்சியாய்க் கெட்டித்திருந்தது. ரப்பர் மரங்களையே காணோம். ஐயா செக்ரோலைக் கங்காணி கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்களே வாசிங்க கங்காணி. அவங்கவங்க பதில் சொல்லட்டும்."

பெயர்கள் போயின, குரல்கள் வந்தன. 'கறுப்பையா' வந்தபோது கங்காணியின் நாக்கு நின்றுவிட்டது. கறுப்பையாவைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. அவன் பெண்சாதி முன் வரிசையில் நின்றாள்.

"கூப்பிடுங்க" என்றார் ஐயா, மெதுவாக.

"கறுப்பையா..."

ஐயா காத்திருந்தார். மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த நீர்கூட நின்றது. என் குடை தானாக விரிந்தது என்று சத்தியம் செய்வேன். அப்போது பனிக்குள், புதைகாட்டுப் பக்கமாக, ஒரு குரல்:

"இருக்கேனுங்க ஐயா."

கங்காணி மண்டியிட்டுவிட்டார். "இல்லீங்க! அவன் செத்துட்டானுங்க! பேர அடிச்சிருங்க!" ஐயா செக்ரோலை வாங்கி ஒரே கோட்டில் அடித்தார். அன்று மாலையே துரையிடம் பேசிக் கல்யாணத்துக்கு முன்பணமும் வாங்கிக் கொடுத்தார். காரணத்தைத் துரை கடைசிவரை அறியவில்லை.

"அது யாருங்க? நீங்க வச்ச ஆளா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"நான் யாரையும் வைக்கலீங்க" என்பார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்காததுதான் என்னை இன்றும் வதைக்கிறது.

அவரை எரித்த மறுநாள் பெரட்டில் நான் பெயர் கூப்பிட்டேன். நான் கேட்குமுன்னே மூக்கன் கங்காணி, "மீனாச்சி காய்ச்சல்ல கெடக்குதுங்க, பேர் போடாதீங்க" என்றார், பனியைப் பார்த்தபடி.

ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்புத்தான். ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டுவிட்டுக் காதைக் கொடுத்து நிற்கிறேன். இதுவரை உயிரோடிருப்பவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள்.