மழையைச் சுற்றிப் போகிறவன்

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு காரியம் நடக்கும். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே எல்லா வீட்டு பால்கனியிலும் காயப்போட்ட துணிகளை உள்ளே எடுத்துவிடுவார்கள். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள். கரூர்க்காரனான எனக்கு வந்த புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் கருமேகம் தலைகாட்டினால் வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே வருவார்கள். "பேயுமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். முக்கால்வாசி நாள் பேயாது. இங்கே மேகம் வருவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறார்கள், சொல்லிவைத்தாற்போல் நாலு மணிக்கு இடி இறங்குகிறது. நான் விமானி என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி ஒருநாள் உச்சிவெயிலில் ஈரப் படுக்கை விரிப்புகளோடு வந்து, "கேப்டன், டுடே ரெயின் ஆ?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "நோ ரெயின், ஆன்டி" என்றேன். அன்று அவருடைய விரிப்புகள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன. மறுநாள் லிப்டில் பார்த்தபோது, "யூ ஃப்ளை பிக் பிளேன் ஆ?" என்றார். இல்லை, சின்னது, பார்சல் ஏற்றிப்போவது என்றேன். "ஓ, ஸ்மால் ஒன்" என்று இரக்கத்தோடு என் தோளைத் தட்டி, "நெவர் மைண்ட் லா" என்று ஆறுதல் சொன்னார். அதன்பிறகு என்னிடம் அவர் வானிலை கேட்டதே இல்லை.

சின்னது என்பது உண்மைதான். மூக்கில் ஒரே ஓர் எஞ்சின், முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன லாரி அளவுக்குச் சரக்கு. சுபாங் என்ற சின்ன விமான நிலையத்திலிருந்து காலையில் கிழக்குக் கரைக்குப் பார்சல்களைக் கொண்டுபோவோம். கோல திரங்கானுவில் இறக்கிவிட்டு, மீன் பெட்டிகளையும் கெரொப்போக் என்கிற மீன் அப்பள மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். நடுவில் திதிவங்சா மலைத்தொடர் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் அந்த மலைகளின் தலையில் மேகம் கட்ட ஆரம்பித்தால் அது ஐம்பதாயிரம் அடிவரை போகும். நாங்களோ பத்தாயிரம் அடியில் போகிறவர்கள். அதற்கு மேலே ஏற முடியாது, உள்ளே போனால் பிழைக்க முடியாது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். கரூரில் இருக்கும் என் அம்மாவுக்கு இந்த வேலை இன்றுவரை விளங்கவில்லை. "மழயப் பாத்து எதுக்கு சாமி ஒதுங்கிப் போறே? ஒரு மேகத்த இந்தப் பக்கம் தள்ளி உட்டுட்டுப் போ, புண்ணியமாப் போகும்" என்பார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர் வேறெப்படிப் பேசுவார்?

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தில் இருக்கும் இருவரில் யார் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னாலும் உடனே திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. தரையில் இறங்கி ஆளுக்கு ஒரு தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், குடித்து முடித்த பிறகுதான் அதைப்பற்றிப் பேச்சே எடுக்கலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் நான் துணை விமானியாக இருந்த நாட்களில் மூத்தவர் சொன்னால் சொன்னதுதான். பக்கத்தில் இருப்பவன் "யெஸ் சார்" என்பதற்கு மட்டும் வாயைத் திறப்பான். தவறு என்று தெரிந்த சமயங்களில்கூட நான் வாயைத் திறந்ததில்லை. அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்து கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தபோது, இனி மற்றவர்கள் என்னிடம் பணிவாக இருப்பார்கள் என்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அப்பாவின் தலைத்திவசம் வந்தது. நான் ஒரே மகன். அப்பா அரசாங்க பஸ் ஓட்டியவர், கரூர் – திண்டுக்கல் தடம். அவர் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் முதல் வருஷத் திதிக்கு நான் நேரத்துக்குப் போய் நிற்கவேண்டும் என்பது அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை. திதிக்கு முந்தின நாள் சாயங்கால விமானத்தில் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அங்கேதான் ஒரு மடத்தனம் செய்தேன். தீபாவளிக்கு ஒரு நாள் விடுப்பு மிச்சமாகட்டும் என்று அன்றைக்கும் வேலைக்குப் போனேன். நாலு மணிக்குள் சுபாங் திரும்பிவிடலாம், அங்கிருந்து டாக்சி பிடித்தால் பெரிய விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், எல்லாம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கேட்டிருந்தால் நாலு மணியை நம்பாதே என்று சொல்லியிருப்பார்.

அன்று துணை விமானியாக வந்தவர் லோகேஸ்வரி. கிள்ளானில் பிறந்து வளர்ந்த பெண், முப்பது வயது இருக்கும். கோல திரங்கானுவில் மீன் பெட்டிகள் வரத் தாமதமாகி, நாங்கள் கிளம்பும்போதே ஐம்பது நிமிஷம் போய்விட்டது. மலையை நெருங்கியபோது ரேடார் திரையில் இடமும் வலமும் இரண்டு பெரிய சிவப்புத் திட்டுகள் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் உள்ளே தள்ளி, கறுப்பாக ஒரு சந்து. கறுப்பு என்றால் மழை இல்லை என்று பொருள். சந்துக்கு அப்பால் பதினைந்து நிமிஷத்தில் சுபாங். ஆனால் முன்னால் பெய்யும் கனமழை ரேடாரின் கண்ணை மறைத்துவிட்டால் பின்னால் இருக்கும் புயலும் கறுப்பாகத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாததல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு நானே படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அன்று என் கண்ணுக்கு மட்டும் அது வழியாகத் தெரிந்தது. "நடுவுல போயிடலாம்" என்று விமானத்தின் முகத்தைத் திருப்பினேன். லோகேஸ்வரி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கேப்டன், எனக்குச் சரியாப் படல. திரும்பலாம்" என்றார்.

சுள்ளென்று கோபம் வந்தது. என் அனுபவத்தில் பாதிகூட இல்லாத பெண் என்று மனசுக்குள் ஓடியது. டிக்கெட், அம்மா, வாசலில் போடும் பந்தல், அறுபது பேருக்குச் சமையல் என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் கை வழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. திருப்பினேன். கிழக்குக் கரையிலேயே இருக்கும் குவாந்தானுக்குப் போகிறோம் என்று வானொலியில் சொன்னேன். வால்பக்கம் மீன் பெட்டிகள் கிறீச்சிட்டன. சில நிமிஷங்களில், எங்களுக்கு வெகு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய விமானத்தின் விமானி அதே இடத்தைக் குறிப்பிட்டு, கடுமையாகத் தூக்கிப் போடுகிறது, விலகிப் போக அனுமதி வேண்டும் என்று கேட்டது காதில் விழுந்தது. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் என் கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

குவாந்தானில் இறங்கியபோது மழை எங்களுக்குப் பின்னாலேயே வந்துசேர்ந்தது. கேண்டீனில் தே தாரிக் குடித்து முடித்தோம். பிறகு லோகேஸ்வரியின் கைபேசியில் வானிலைப் படத்தைப் பார்த்தோம். நான் நுழையப் பார்த்த சந்து மூடி, இரண்டு திட்டும் ஒன்றாகியிருந்தது. "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "ரேடாரப் பார்த்து இல்ல கேப்டன். காலையிலேர்ந்து நீங்க பத்துவாட்டி மணி பார்த்தீங்க. நான் மழைக்குப் பயப்படல, உங்க திருச்சி ஃப்ளைட்டுக்குத்தான் பயந்தேன்" என்றார். இதையே ஊரில் ஒரு நாள் நான் யாரிடமாவது சொல்லியிருப்பேனா என்றால், மாட்டேன். அந்தப் பெண் பேசினாரே, பேசுவதற்கு ஒரு வழக்கம் இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேன். "பரவால்ல லா" என்றார்.

மழை விடவில்லை, எங்கள் பணி நேரமும் முடிந்துவிட்டது. இரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மழைங்கறதுக்காக வரலீங்கிறயா?" என்றார். அவ்வளவுதான். பிறகு அக்காள் போனை வாங்கி, "சமையல் நடக்கட்டும். ஐயரைக் கேட்டேன், மகன் எங்க இருக்கானோ அங்கயே அந்தத் திதியில செய்யலாம்னுட்டாரு. நீ அங்க பாரு" என்றாள். விடிந்தால் திதி. குவாந்தான் விடுதியில் உட்கார்ந்துகொண்டு ஐயருக்கு எங்கே போவது என்று விழித்தேன். லோகேஸ்வரியிடம் சொன்னேன். அவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா கிள்ளானில் பூக்கடை வைத்திருப்பவர். பூக்கடைக்காரருக்குத் தெரியாத ஐயர் ஊரில் உண்டா? பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. "ஐயருக்குச் சொல்லிட்டேன் தம்பி. ஒம்பது மணிக்குக் கோயில் பின்னால மண்டபத்துக்கு வந்துருங்க. வெறும் வயித்தோட வாங்க, எள்ளு, தர்ப்ப எல்லாம் நான் எடுத்து வைக்கிறேன். அப்பா படம் போன்ல இருக்கா? அனுப்புங்க, கடையில பிரேம் போட்டுரலாம்."

காலையில் வானம் ஒன்றுமே நடக்காததுபோல் பளிச்சென்று இருந்தது. எட்டு மணிக்குள் சுபாங், அங்கிருந்து லோகேஸ்வரியின் காரில் கிள்ளான். மண்டபத்தில் அப்பா சட்டத்துக்குள் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்த்தறியாத அந்த அம்மா, அளவு பார்த்து வாங்கியதுபோல் ஒரு வேட்டியை நீட்டினார். படத்துக்கு மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டே, "புதுப் பூ தம்பி. நேத்து சாயங்காலம் திருச்சி ஃப்ளைட்டுல வந்தது" என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பூவை இறக்கிவிட்டுத்தான் அந்த விமானம் நான் இல்லாமல் திருச்சிக்குத் திரும்பியிருக்கிறது. மந்திரம் சொல்ல வரவில்லை, அழுதுவிட்டேன். ஐயர் காத்திருந்தார். எல்லாம் முடிந்து துறைமுகப் பக்கம் கடலில் பிண்டத்தைக் கரைத்தபோது அந்த அம்மாதான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றார். எனக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை என்று நான் இனிமேல் சொன்னால் அது பொய்.

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் நாலு மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், அவரே கூப்பிட்டார். "உங்கக்கா பொறந்த அன்னிக்கு உங்கப்பாவும் வரல" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். "குடகனாத்துல தண்ணி வந்து தரப்பாலம் முங்கிருச்சு. தண்ணில இறக்கிரலாம் இறக்கிரலாம்னு பஸ்ஸுல இருந்தவங்க சத்தம் போட்டிருக்காங்க. மாட்டேன்னு வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்துட்டாராம். விடிஞ்சுதான் வந்தாரு. மூணு நாளு அவருகூட நான் பேசல." அப்பா தாமதமாக வந்த கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. "எங்கூட ஒரு நாள்தானேம்மா பேசல" என்றேன். "உனக்கு ஒரு நாள் போதும்னு விட்டேன்" என்றார்.

அதற்குள் ஓர் இடி விழுந்தது. "அங்க பேயுதா?" என்றார். பேயுது என்றேன். கரூரில் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து பால்கனியில் ஒரு துணிகூட இல்லை, எப்போதோ எடுத்தாகிவிட்டது. நான் போனை வெளியே நீட்டினேன். கை நனைந்தது. சற்று நேரம் கழித்துக் காதில் வைத்து, "கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"பேசாத சாமி" என்றார் அம்மா. "இன்னங் கொஞ்ச நேரம் அப்படியே புடி."