சொல்யூஷன் மேசை

செருப்புக் கம்பெனியில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவளுடைய சொந்தப் பெயர் மறைந்து, மின்னல் என்பதே பெயராகிவிட்டது. சோலில் பசை தடவும் மேசையில் அவள் கை அப்படி ஓடும். டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்ப்பாள், ஒரு சொட்டுக்கூட வழியாமல் ஒரே இழுப்பில் ஓரம் முழுக்கச் சுற்றி வருவாள், அடுத்ததை எடுப்பாள். பக்கத்தில் இருப்பவள் ஒரு ஜோடியை முடித்து நிமிர்வதற்குள் இவள் முன்னால் சோல்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். கடைசியில் கணவனே, "மின்னல் வந்தாச்சா?" என்று தங்கையிடம் கேட்க ஆரம்பித்துவிட்டான். அந்தத் தங்கை, அதாவது மின்னலின் நாத்தனார், இன்னும் கல்யாணமாகாமல் அவர்களோடுதான் இருந்தாள். இவள் வேலைக்குப் போக, அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ஒருத்தி சேலையை இன்னொருத்தி கேட்காமலே எடுத்துக் கட்டுகிற அளவுக்கு.

கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான அறை. ஒரு பக்கம் தையல் மிஷின்கள், மறுபக்கம் பசை மேசை. ஜன்னல்களுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் சாத்தியே கிடக்கும். தூசி ஒட்டினால் சோல் பிய்ந்துவிடும் என்பார் முதலாளி. மின்விசிறியும் ஓடாது. காற்றுப் பட்டால் தடவி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். பசை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, சொல்யூஷன்தான். காலையில் டப்பாவைத் திறந்ததும் பெட்ரோலும் இனிப்பும் கலந்தாற்போல ஒரு வாடை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் அது தெரியாமல் போய்விடும். மதியத்துக்கு மேல் மேசைப் பெண்களுக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தையல் மிஷின்காரி, "சாப்பாட்டுல என்னத்தடி கலந்து எடுத்துட்டு வர்றீங்க? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்பாள். அவர்களோ பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். பசியே இருக்காது.

ஒரு மழைக்காலத்தில் சொல்யூஷன் காயாமல் வேலை தேங்கியது. முதலாளி வேறு டப்பா கொண்டுவந்து இறக்கினார். புதியது கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்தது. டப்பாவின் மேல் நெருக்கமாக என்னவோ அச்சடித்திருந்தது. அங்கிருந்த யாருக்கும் படிக்க வராத மொழி.

மின்னலுக்கு முதலில் கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. உட்கார்ந்தே இருப்பதால் மரத்துப்போகிறது என்று நினைத்து உதறிக்கொண்டாள். பிறகு வெறுங்காலிலும் தடித்த காலுறை போட்டதுபோல ஆனது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றக் குனிந்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. பாதத்தில் கல் குத்தி ரத்தம் வேறு. கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். செருப்புக் கம்பெனிக்காரிக்கே காலில் செருப்பு இருக்கா இல்லையான்னு தெரியலையா என்று கேட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் நாத்தனார் காயத்தைக் கழுவி மருந்து வைத்தபோது எரியவே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் கம்பெனி மாடிப்படி பெரும்பாடானது. முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் ஏறிப் போனபின் ஏறினாள். பிறகு விரல்கள் தளர்ந்தன. பிரஷ் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரு முனை டாக்டர் சர்க்கரையா என்று பார்த்தார், இல்லை என்றதும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் அதை விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போனாள். ஒரு நாள் மேசையிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். தையல் மிஷின்காரிதான் ஓடிவந்து தாங்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கால் நரம்புகளில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா வயதில் சின்னவள். என்ன வேலை என்று கேட்டாள். அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. மின்னல் சொல்லச் சொல்ல, ஜன்னல் திறந்திருக்குமா, கையுறை உண்டா, எந்த மாதிரி வாடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பசை ஆவியாகி உங்க உடம்புக்குள்ள போயிருக்கும்மா. நரம்பை அரிச்சிருக்கு. இனிமே அந்த ரூமுக்குள்ளயே போகாதீங்க."

"விட்டுட்டா சரியாயிடுமா?"

"ரொம்ப மெதுவாத்தான் சரியாகும். முழுசா ஆகும்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, வேலைய நிறுத்தின பிறகும் கொஞ்ச மாசம் இன்னும் மோசமாத்தான் போகும். பயந்துடாதீங்க."

கணவன் அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தான். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

டாக்டரம்மா சொன்னபடியேதான் நடந்தது. வேலையை விட்டு வீட்டில் இருந்தவளுக்கு நாளுக்கு நாள் கால் தொய்ந்தது. நடந்தால் பாதம் தரையில் பட் பட்டென்று அடித்தது. ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. குளியலறைக்குப் போகக்கூட நாத்தனார் தோள் வேண்டியிருந்தது. டாக்டரம்மா முன்னாலேயே சொன்னாள் என்று கணவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கேட்டுக்கொள்வான், மறுத்துப் பேசமாட்டான், ஆனால் நம்பவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வேறொரு டாக்டர் இருந்தார். கூட்டம் நெரிந்தது. அவர் தலை நிமிராமல், எதனால் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அவன் மனதில் அதுதான் தங்கியது.

முதலாளி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் நிலையைக் கண்டு அவருக்கே கண் கலங்கிவிட்டது. "மேசையில இத்தனை பேர் உட்கார்றாங்க, வேற யாரும் விழலையே. இவளும் வேலைக்கு வந்தவரைக்கும் நடந்துட்டுத்தானே இருந்தா? நின்னப்புறம்தானே படுத்தா?" என்றார். கணவன் தலையாட்டினான். அந்தக் கேள்விக்கு மின்னலிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல டாக்டரம்மா அங்கே இல்லை.

போகும்போது முதலாளி, காலியாக இருக்கும் இடத்துக்கு வீட்டிலிருந்தே யாராவது வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உதவியாகத்தான் சொன்னார். கணவன் ஒருவன் சம்பளத்தில் வீடு இழுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். மின்னல் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், விரல்கள் மடங்கவில்லை.

"வேணாம். எங்க வேணும்னாலும் போ, அந்த மேசைக்கு மட்டும் போகாத."

"வேற எங்க அண்ணி கூப்பிடறாங்க என்னை?" என்றாள் நாத்தனார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

அவள் போக ஆரம்பித்தாள். மின்னல் கொஞ்ச காலம் பொறுத்தாள். சாயங்காலம் நாத்தனார் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வருவதையும், தட்டில் சோறு மிஞ்சுவதையும் பார்த்தபின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நாள் கணவன் வெளியே போனதும் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனாள். படிக்கட்டில் நின்றபடி ஏற முடியாது. உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். அறைக்குள் தையல் மிஷின்கள் நின்றுபோயின.

முதலாளி நாற்காலி போடச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. ஜன்னலைத் திறந்துவையுங்கள், விசிறியைப் போடுங்கள், அது போதும் என்று மட்டும் கேட்டாள். அவரும் மறுக்காமல் ஆளை விட்டு இரண்டு ஜன்னல்களைத் திறக்கச் செய்தார், விசிறி சுற்றியது. தெருச் சத்தம் உள்ளே வந்தது. மின்னல் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

ஆனால் மேசையில் சொல்யூஷன் பிரஷ்ஷிலேயே இறுகியது. தடவிய சோல்கள் செருப்பின் மேல்பாகத்தோடு ஒட்டவில்லை. அங்கே ஜோடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒருத்தி உச்சுக் கொட்டினாள், இன்னொருத்தி பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாள். நாத்தனார் எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள். ஜன்னல்களையும் அவளே சாத்தினாள். திரும்பி வந்து அண்ணியின் பக்கத்தில் குனிந்தாள்.

"வீட்டுக்குப் போங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

தையல் மிஷின்காரி கைத்தாங்கலாகக் கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். அதன்பிறகு மின்னல் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் தேறியது என்றுதான் சொல்லவேண்டும். சுவரைப் பிடித்து நடக்கிறாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். சின்ன டாக்டரம்மாவை ஒருமுறை பார்க்கக் கேட்டாள், மாற்றலாகிப் போய்விட்டாளாம். மேசையில் இப்போது நாத்தனார் கைதான் வேகம் என்று முதலாளி சொன்னதாகக் கணவன் வந்து சொன்னான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

ஒரு நாள் சாப்பாடு முடிந்து, அவன் வெளியே போனபின், பெண்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு முதல்ல எங்க ஆரம்பிச்சுது அண்ணி?"

மின்னல் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கால் விரல்ல."

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டாள். தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவினாள், பாயை விரித்துப் படுத்தாள். மறுநாள் காலை எப்போதும்போல வேலைக்குக் கிளம்பினாள். மின்னல் சுவரோரமாக உட்கார்ந்து, அவள் வாசல்படி இறங்கும்போது எங்கே கால் வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.