நாலாவது மூலை

மூன்று மூலைகளை மடித்துச் செருகிவிட்டு நாலாவதற்காகக் குனிந்தபோது கூடத்தில் போன் அடித்தது. கம்பளியை அப்படியே தொங்கவிட்டுவிட்டு காந்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போய்ச் சேர்வதற்குள் அது ஒரு தடவை ஓய்ந்து மறுபடி அடித்தது. வைட்ஃபீல்டிலிருந்து மகள் சௌம்யா.

"மா, நாளைக்கு பதினோரு மணிக்கு ரித்விக் வராரு. பூனைக்கு கூடையும் அவரே கொண்டு வருவாராம். காலையில டிக்கிக்கு ஒண்ணும் குடுக்காத, வண்டியில வாந்தி எடுக்கும்."

"எந்த ரித்விக்?"

"எங்க டீம்ல இருக்காருன்னு எத்தன தடவ சொன்னேன்? ஏற்கெனவே ரெண்டு பூன வெச்சிருக்காரு. நல்லா பாத்துப்பாரு. அதுங்க ராத்திரி எல்லாம் அவரு கட்டில்லதான் படுக்கும்."

"கட்டில்லயா?"

"ஆமா. தலகாணி வேற தனியா." சௌம்யா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மா, கடைசியா ஒரு தடவ கேக்கறேன். ராத்திரி ஒரு ஓரமா விட்டாதான் என்ன? விட்டா அது கத்தாது. யாருக்கும் குடுக்கவும் வேணாம். அப்பா தூக்கிட்டு வந்த பூனம்மா."

"கட்டில் மனுஷங்க படுக்கறதுக்கு" என்றாள் காந்தா. "பதினோரு மணிக்குத்தானே? வரச் சொல்லு."

டிக்கி ஏழு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. அவள் கணவன் இளங்கோவன் இறந்துபோனதிலிருந்து. ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் கொஞ்ச நேரம் பிறாண்டிவிட்டு அடுப்படிச் சாக்கில் போய்ப் படுத்துவிடும். காலை ஏழு மணிக்குக் கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு மத்தியானம் வரை நிறுத்தாது. காந்தா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை இதெல்லாம் எதிர்வீட்டு ஆஞ்சலா சொல்லித்தான் தெரியும். அக்டோபர் கடைசியில் ரிட்டயர் ஆகி மூன்று வாரம் வீட்டில் இருந்து பார்த்தபோது அவளாலும் தாங்க முடியவில்லை. தட்டில் வைத்தது வைத்தபடி கிடந்தது. பூனை முதுகெலும்பு தெரிய இளைத்துவிட்டது. இங்கே இருந்தால் செத்துப்போகும் என்று அவளுக்கே தோன்றித்தான் கொடுத்துவிடச் சம்மதித்தாள். கட்டிலில் விட்டால் சரியாகிவிடும் என்று சௌம்யா சொன்னதை மட்டும் அவளால் ஏற்க முடியவில்லை.

முப்பத்தோரு வருஷம் அவள் ஒரு பெரிய ஹோட்டலில் கட்டில் போட்டவள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. விரிப்பின் ஓரத்தை முக்கோணமாக மேலே தூக்கி, தொங்குவதை மெத்தைக்கு அடியில் செருகி, முக்கோணத்தை இறக்கி மறுபடி செருக வேண்டும். தலைமாட்டில் விரிப்பு மட்டும். கால்மாட்டில் விரிப்பு, மேல்போர்வை, கம்பளி மூன்றும் சேர்த்து. அதன் பிறகு சூப்பர்வைசர் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரே ஒரு முடி தட்டுப்பட்டால் போதும், கட்டில் முழுக்கப் பிரித்து மறுபடி போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் தலைமுடியே விழுந்து மூன்று தடவை பிரித்திருக்கிறாள். அழுதுகொண்டே.

அந்த முப்பத்தோரு வருஷத்தில் முதல் இருபத்திரண்டு வருஷம் அவள் வீட்டில் கட்டில் கிடையாது. பாய்தான். ஆஸ்டின் டவுனில் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்த பிறகு சிவாஜி நகரில் பழைய தேக்குக் கட்டில் ஒன்றை வாங்கி, இளங்கோவன் தன் வேனின் மேலே கட்டி எடுத்து வந்தான். அன்றைக்கு அவள் நாலு மூலையும் மடித்துச் செருகிக் காட்டியபோது அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றான். "இதுல படுக்கறதுக்கு டிப்ஸ் குடுக்கணுமா?" என்றான்.

அவன் வைட்ஃபீல்ட் கம்பெனிகளின் ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டினான். காலை ஏழு மணிக்கு வந்து படுத்து, இரண்டு மணிக்கு எழுந்து, நாலு மணிக்குக் கிளம்பிவிடுவான். காந்தா ஆறரைக்குப் போய் ஐந்துக்குத் திரும்புவாள். ஒரே கட்டிலில் ராத்திரி அவள், பகலில் அவன். சேர்ந்து படுத்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாளில் அவள் அவனுக்காகக் கட்டிலைப் போட்டுவிட்டுப் போவாள். அவன் அவளுக்காகப் போட்டுவிட்டுப் போவான். ஆனால் அவன் போட்டால் வாசல் பக்கத்துக் கால்மாட்டு மூலை, அந்த நாலாவது மூலை மட்டும் எப்போதும் தொளதொளவென்று தொங்கும்.

"யோவ், மூணு வருது, நாலாவது மட்டும் எப்பிடிய்யா வராம போகும்?" என்பாள் ஞாயிற்றுக்கிழமைகளில்.

"எனக்கு நாலாங்கிளாஸ்தான் பெயிலு. நாலுன்னாலே தகராறு."

ஏப்ரலில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வேனை ஷெட்டில் நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடந்தவன் வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு நிசியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அவள் படுக்கையறைக் கதவைத் திறந்தபோது கட்டிலில் நாலு மூலையும் அவள் செருகியபடியே இருந்தன. அதற்குப் பிறகு அந்தக் கதவை அவள் பகலிலும் சாத்தியே வைத்தாள்.

இப்போது போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் படுக்கையறைக் கதவு திறந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. கூடத்தில் டிக்கி இல்லை. சத்தமும் இல்லை.

உள்ளே ஓடினாள். தொங்கிக்கொண்டிருந்த கம்பளிக்குள் சாம்பல் நிற வால் ஒன்று நுழைந்து மறைந்தது. போர்வைக்கு அடியில் ஒரு மேடு நகர்ந்தது. சுற்றிலும் மோந்து பார்க்கவில்லை, தடுமாறவில்லை. நேராக இரண்டடி போய் உள்ளேயே ஒரு வட்டம் திரும்பி, வந்த வழியில் மூக்கை மட்டும் நீட்டிவைத்துக்கொண்டு படுத்தது.

"ஏய்! எறங்கு! எறங்குடி!"

டிக்கி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

காந்தா கையை ஓங்கியபடி நின்றாள். இந்தக் கட்டிலில் அதற்கு வழி எப்படித் தெரியும்?

வாசலில் ஆஞ்சலாவின் குரல் கேட்டது. "காந்தாக்கா, என்ன சத்தத்தையே காணோம்? அனுப்பிட்டியா?"

"வந்து பாரு இத."

ஆஞ்சலா ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "ஓ, அது எடத்துக்கு அது போயிடுச்சா?"

"அது எடமா?"

"அண்ணன் காலாண்டதானே படுக்கும்?" ஆஞ்சலா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். "ஐயோ மாதாவே! உனக்கு நெசமாவே தெரியாதா? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கன்னுல்ல நெனச்சேன்."

"எவ்ள நாளா?"

"குட்டியா வந்ததுலருந்து. ஒம்போது வருஷம் இருக்குமா? காலையில ஏழு மணிக்குப் பூட்டத் தொறந்ததும், 'வாடி, உள்ள போ, அவ போயிட்டா'ம்பாரு. என் ஜன்னல்ல நல்லா கேக்கும். மொதல் நாளு எவளயோ கூட்டியாந்துட்டாருன்னு எனக்கு நெஞ்சே அடச்சிப்போச்சு. எட்டிப் பாத்தா பூன!"

"அடிப்பாவி. ஒரு வார்த்த சொன்னியா?"

"எப்பிடிக்கா சொல்றது? சத்தியம் வாங்கிட்டாரு. 'தங்கச்சி, எங்க வீட்டு சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா என்ன வேலைய விட்டுத் தூக்கிடுவா'ன்னாரு. அழுக்கு யூனிபார்ம் சட்டய உள்ள விரிச்சு அது மேலதான் படுக்கவெப்பாரு. முடி ஒட்டக் கூடாதாம்."

அந்தச் சட்டைகளைத் துவைத்தது காந்தாதான். "பூனைய மடியில வெச்சிக்கிட்டா வேன் ஓட்டற?" என்று கேட்டுக்கொண்டே துவைத்திருக்கிறாள். டிக்கியை அவன் வேன் டிக்கியிலிருந்து எடுத்து வந்த அன்றைக்கே அவள் சட்டம் போட்டுவிட்டாள்: வீட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், ராத்திரி கட்டிலில் மட்டும் ஏறக் கூடாது. அவன் வாதாடவே இல்லை. "சரி, ராத்திரி ஏறாது" என்றான். ராத்திரி ஒருநாளும் ஏறவும் இல்லை. அவனுக்கு ராத்திரி என்பது காலை ஏழு மணி.

ஆஞ்சலா போன பிறகு அவள் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். ஒன்று ஞாபகம் வந்தது. கொரோனாவில் ஹோட்டலை மூடினார்கள், வேனும் நின்றது. ஐந்து மாதம் ராத்திரியில் ஒன்றாகப் படுத்து ஒன்றாக எழுந்தார்கள். கையில் காசில்லை, ரேஷன் அரிசிச் சோறு. ஆனாலும் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் அவன் முகத்தை அவள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. காலையில் அவன்தான் கட்டில் போடுவான். நாலு மூலையும் ஹோட்டலில் போட்ட மாதிரி நேராக இருக்கும். "அப்பாடா, ஒருவழியா உனக்கு வந்துடுச்சுய்யா" என்று அவள் உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சொன்னாள். வேன் திரும்ப ஓட ஆரம்பித்த வாரமே அந்த மூலை மறுபடி தொங்கியது. "அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று கேட்டதற்கு, "வயசாவுதில்ல" என்றான்.

மூன்று மூலையை அத்தனை சுத்தமாகப் போட்டவனுக்கு நாலாவது வராதா? ஒரு தடவைகூட அவள் அப்படி யோசிக்கவில்லை. ராத்திரி படுக்கும் முன் தினமும் குனிந்து, தலையில் அடித்துக்கொண்டு, அதை இறுக்கிச் செருகினாள். காலையில் அவன் வந்து உருவி விட்டிருக்கிறான். ஒன்பது வருஷம். ஒரு சின்னக் கதவை அவள் சாத்த அவன் திறக்க.

சிரிக்கப் பார்த்தாள். "திருட்டுப் பயலே" என்றாள் சத்தமாக. டிக்கியின் காது அசைந்தது.

அவள் கை பழக்கத்தில் கம்பளிக்குப் போனது. பூனை படுத்திருந்த இடத்தின் சூடு மேலே வரை ஏறியிருந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு மற்றொரு கையால் சௌம்யாவைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பையன வர வேணாம்னு சொல்லிடு."

"என்னம்மா வெளையாடறியா? அவரு லீவ் நாள்ல எனக்காக வராரு. ஆஞ்சலா அக்கா திட்ட மாட்டாங்களா? அது சாப்பிடாம செத்துப்போகும்னு நீதானே சொன்ன?"

"கத்தாது இனிமே."

"எப்பிடி?"

"கட்டில்ல படுத்துக்கட்டும்."

"ராத்திரியா? நீயா சொல்ற?"

"அதுக்கு எப்ப ராத்திரியோ அப்ப" என்று சொல்லிவிட்டு காந்தா போனை வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. ராத்திரி முழுக்கப் படுக்கையறைக் கதவு திறந்திருந்தும் டிக்கி அடுப்படிச் சாக்கிலேயே தூங்கியது. ஏழு மணிக்கு உள்ளே வந்து ஏறிப் படுத்தது. காந்தா எழுந்திருக்கவில்லை. எட்டரைக்கு எழுந்து இரண்டு டிரம் தண்ணீர் பிடித்தாள், குளித்தாள். சௌம்யா அனுப்பிய செய்தியை ரித்விக் பார்க்கவில்லை. பதினொன்றேகாலுக்குக் கூடையோடு வந்தான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். பூனையைப் பார்க்கலாமா என்று கேட்டான். தூங்குகிறது என்றாள். மழை வருவதற்குள் கிளம்பிவிட்டான். ஆஞ்சலா வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. இரண்டு மணிக்கு டிக்கி இறங்கி வந்து பாதி மத்தி மீனைத் தின்றது.